பத்துச் சம்பளம், பன்னிரண்டு மாதம்

அத்தியாயம் 14

சம்பள நாளன்று காலையில் யாராவது கவலையோடு எழுந்திருப்பார்களா? நம் டீச்சர் அப்படித்தான் எழுந்தாள்.

போன வாரம் புத்தகம் கைக்குக் கிடைக்காதவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். டீச்சர் இந்த வெளிநாட்டு ஊருக்கு ஆங்கிலம் சொல்லித்தர வந்து பத்து மாதம் ஆகிறது. செல்போன் ரிப்பேர் கடையை மூடிவிட்டுக் கூடவே வந்தார் கணவர். அவருடைய விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. அதனால் சமையலும் வரவு செலவும் அவர் பொறுப்பு. டீச்சர் அவரை ‘நிதியமைச்சர்’ என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் அம்மாவும், வேன் ஓட்டும் தம்பியும் இருக்கிறார்கள். போன வாரம், வீட்டில் டியூஷன் எடுத்தாள் என்பதற்காக டீச்சரோடு வேலை பார்த்த ஒருத்தியைப் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வேலையோடு விசாவும் போயிற்று. அந்தச் செய்தியைக் கேட்டு நம் டீச்சர் ஏன் அப்படி வெளிறிப்போய் நின்றாள் என்பதோடு நிறுத்தியிருந்தேன்.

விஷயம் இதுதான். விடுமுறையில் அவளும் அதையே செய்வதாக இருந்தாள்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் அவள் போட்டுவைத்திருந்த திட்டம் அது. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

*

காலை ஏழு மணி. சமையலறை என்று சொல்வதெல்லாம் பெருமைக்குத்தான். அடுப்பும் கட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஒற்றை அறை அது. நிதியமைச்சர் மேசையில் ஆறு கவர்களைச் சீட்டு பரப்புவது போலப் பரப்பியிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் அவருடைய குண்டுக் கையெழுத்து. வாடகை, சாப்பாடு, பஸ், கரண்ட், ஊருக்கு, அவசரம்.

சம்பளம் வங்கிக்குத்தான் வரும். ஆனாலும் மனிதர் விடமாட்டார். மெஷினில் எடுத்து, நோட்டு நோட்டாகக் கவரில் பிரித்துப் போட்டால்தான் அவருக்கு நிம்மதி. அட்டையில் இருக்கிற பணம் பணமே இல்லை, வெறும் நம்பர் என்பது அவர் கட்சி. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. கவரில் இருந்தவரைக்கும் அவர்கள் ஒரு மாதம்கூட வாடகைக்குத் திண்டாடியதில்லை. ‘அவசரம்’ கவரில் மட்டும் இதுவரை ஒரு நோட்டுகூட நிலைத்துத் தங்கியதில்லை. மாதாமாதம் ஏதாவது ஓர் அவசரம் வந்துவிடும்.

போன் அடித்தது. தம்பி. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, எழுந்துட்டியா? இன்னைக்கு வண்டிதான்க்கா, வண்டி!”

“என்னடா, இன்னைக்கேவா?”

“பின்னே? உங்க ஊர் நேரம் ஒரு மணிக்கு ஃபைனான்ஸ் ஆபீஸ்ல கையெழுத்து. மாசத் தவணை உங்க காசுக்குத் தொள்ளாயிரம். முப்பத்தாறு மாசம். நீ அனுப்புறது அப்படியே நேரா அங்க போயிடும்க்கா, என் கையில படவே படாது. ரெண்டாவது வண்டி ஓட ஆரம்பிச்சா மூணு வருஷத்துல நான் யாரு!”

“நீ நீதான்” என்றாள் டீச்சர். சிரிப்பு வரவில்லை.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் போனைப் பிடுங்கிக்கொண்டது. “எம் பொண்ணு சம்பளத்துல ரெண்டாவது வண்டி வருதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன்டி. மாசம் ஆயிரத்து எண்ணூறுன்னா சும்மாவா? பன்னெண்டு மாசத்துக்கு எவ்வளவு ஆச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்துட்டா.”

பன்னிரண்டு மாதம். அங்கேதான் இருந்தது வினை.

டீச்சர் வாயைத் திறந்தாள். நாற்பது பேர் முன்னால் ஆங்கிலத்தில் கடகடவென்று ஓடுகிற நாக்கு அது. அம்மாவின் சந்தோஷத்தைக் கேட்டதும் நொண்டிவிட்டது.

“சரிம்மா” என்று மட்டும் வந்தது.

போனை வைத்த பிறகு நிதியமைச்சர் ‘ஊருக்கு’ கவரைத் தட்டி நேராக்கினார். “தொள்ளாயிரம்தானே, எப்பவும் அனுப்புறதுதான். நமக்கு ஒண்ணும் புதுசில்லையே.”

“என்னங்க, ஒண்ணு சொல்லணும். அடுத்த மாசம் சம்பளம் வராது.”

“லேட் ஆகுமா?”

“வராது. அதுக்கு அடுத்த மாசமும் வராது.”

அவர் கையில் இருந்த கவர் அப்படியே நின்றது.

*

நடந்தது என்னவென்றால், வேலைக்குச் சேர்ந்த அன்று அவள் முன்னால் ஒரு படிவத்தை வைத்தார்கள். வருஷச் சம்பளம் பதினெட்டாயிரம். பள்ளி பத்து மாதம் நடக்கும், இரண்டு மாதம் விடுமுறை. அந்தப் பதினெட்டாயிரத்தைப் பத்துப் பங்காக்கி மாதம் ஆயிரத்து எண்ணூறாக வாங்கிக்கொள்ளலாம். விடுமுறையில் ஒன்றும் வராது. அல்லது பன்னிரண்டு பங்காக்கி மாதம் ஆயிரத்து ஐந்நூறாக, விடுமுறையிலும் வாங்கிக்கொள்ளலாம். மொத்தம் ஒன்றேதான். எது வேண்டும் என்று டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை அடித்தால் அந்த வருஷம் முழுக்க மாற்ற முடியாது.

அன்று மாலை ஊருக்குப் போன் பண்ணிச் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். அம்மா காத்திருப்பாள். ஆயிரத்து ஐந்நூறு என்று சொல்வதைவிட ஆயிரத்து எண்ணூறு என்று சொன்னால் காதுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்! டீச்சர் யோசிக்கவே இல்லை. பத்து என்ற கட்டத்தில் டிக் அடித்தாள்.

படித்தவள்தான், கெட்டிக்காரிதான். ஆனால் ஊரில் சொல்லப்போகிற எண்ணை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடும்போது எந்தக் கெட்டிக்காரிக்கும் கண் மறைத்துவிடும். மாதம் எவ்வளவு என்று சொன்னவள், எத்தனை மாதம் என்று சொல்லவில்லை. வீட்டிலும் ஒருவரும் கேட்கவில்லை. மாதச் சம்பளம் என்றால் பன்னிரண்டால் பெருக்கத்தானே நமக்கெல்லாம் தெரியும்?

“சம்பளச் சீட்டு மூலையில ‘பத்தில் மூணு’, ‘பத்தில் ஏழு’ன்னு மாசாமாசம் ஏறிக்கிட்டே போச்சே” என்றார் கணவர் மெதுவாக. “அது என்னன்னு நான் ஒரு தடவை கேட்டேன். ஆபீஸ் நம்பர்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“பொய்.”

“பொய்தான்.”

கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், பாத்திரம் கழுவுவார். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு டம்ளர்களையும் எடுத்து மறுபடி கழுவினார். பிறகு வாணலி. பிறகு அந்த வாணலியின் மூடி. அவள் சொல்லாமல் விட்டதுதான் அவருக்கு வலித்தது. பத்து மாதமாக ஆறு கவர்களையும் கண்ணும் கருத்துமாக நடத்தியவர். அடியில் ஓட்டை இருக்கிறது என்று அவருக்கு மட்டும் சொல்லப்படவில்லை.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்றார் குழாயைப் பார்த்துக்கொண்டே.

“நீங்க எனக்காகக் கடையை மூடிட்டு வந்தீங்க. வந்த இடத்துல ரெண்டு மாசம் சம்பளம் கிடையாதுன்னு எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுச் சொல்றது? டியூஷன் எடுத்துச் சரிக்கட்டிடலாம்னு இருந்தேன். இப்போ அதுவும் போச்சு.”

“எடுத்து மாட்டியிருந்தா?”

மாட்டியிருந்தால் என்ன என்பதைப் போன வாரம் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேனாவை எடுத்து, பழைய பால் பாக்கெட்டின் அட்டையைக் கிழித்துத் திருப்பினார். அதைப் பார்த்ததும் டீச்சருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பேனாவை எடுத்துவிட்டார் என்றால் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம்.

“இன்னைக்கு வர்றது ஆயிரத்து எண்ணூறு. அடுத்த சம்பளம் எப்போ?”

“ஸ்கூல் திறந்து ஒரு மாசம் வேலை பார்த்த அப்புறம்.”

“அப்போ மூணு மாசம் ஓட்டணும். நமக்கு மாசம் தொள்ளாயிரம் ஆகுது. இழுத்துப் பிடிச்சா எண்ணூறு. மூவெட்டு இருபத்து நாலு, ரெண்டாயிரத்து நானூறு.” பேனா நின்றது. “அறுநூறு இடிக்குது, டீச்சர். ஊருக்கு ஒரு காசு அனுப்பாமலே இடிக்குது.”

“அந்த அறுநூறு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

“எங்க?”

“ஸ்கூல்ல. என் காசுதான். கேட்காம விட்டு வச்சிருக்கேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பத்து மாதத்தில் முதல்முறையாக அவள் குரலில் வகுப்பறைக் குரல் கேட்டது.

“சரி. தம்பிக்கு?”

“அவன்கிட்ட நான் சொல்றேன். ஒரு மணிக்கு முன்னாடி.”

“இப்போ போன்ல சொல்லியிருக்கலாமே?”

“வெறுங்கையோட சொல்லப் பிடிக்கல. முதல்ல ஸ்கூலை முடிச்சிட்டு வர்றேன். நீங்க பன்னெண்டரைக்கு ஸ்கூல் எதிர்ல இருக்கிற பெஞ்சுக்கு வந்துடுங்க. கவரெல்லாம் எடுத்துக்கிட்டு.”

*

பள்ளி என்றால் மணியடிக்கிற பெரிய பள்ளிக்கூடம் இல்லை. செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் ஐந்து அறை. வேலைக்குப் போகிற பெரியவர்கள் வந்து ஆங்கிலம் படிக்கிற இடம். கடைசி நாள் என்பதால் டீச்சரின் வகுப்பில் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. பஸ் டிரைவர் ஒருவர், பத்து மாதத்துக்கு முன் தன் பெயரைச் சொல்லவே வேர்த்து வழிந்தவர், எழுந்து நின்று ஐந்து நிமிஷம் தட்டுத்தடுமாறாமல் ஆங்கிலத்தில் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். டீச்சரும் தட்டினாள். இந்த வேலையில் தான் கைதேர்ந்தவள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சம்பளத்தைக் கையாளுவதில்தான் முதல் வகுப்பிலேயே பெயிலாகியிருந்தாள்.

பதினொன்றரைக்கு நேராகக் கணக்காளர் அறைக்குப் போனாள். போன நேரம், டைரக்டரம்மாவும் அங்கேயே இருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. நமக்கு எதற்கு அந்தச் சிரமம், தமிழிலேயே தருகிறேன்.

“மேடம், எனக்கு முப்பத்து மூணு மணி நேரம் கூடுதல் வேலைக்குப் பணம் வரணும். இன்னைக்குக் கேட்கலைன்னா இந்த வருஷக் கணக்குல சேராது. அதான் வந்தேன்.”

டைரக்டரம்மாவின் புன்னகை மாறவில்லை. எப்போதும் மாறாத புன்னகை அது. “முப்பத்து மூணா? எது?”

“நடுவுல ஒரு சார் வேலையை விட்டுப் போனாரே, அவரோட ஆரம்ப வகுப்பு. வாரம் ரெண்டு நாள், ஒன்றரை மணி நேரம். பதினோரு வாரம் நான்தான் எடுத்தேன்.”

“ஆமா, ஆமா. பெரிய உதவி. மறக்கவே மாட்டோம்.” அவர் கணக்காளரைப் பார்த்தார். “கூடுதல் மணி நேரப் பதிவேட்டுல இருக்கா?”

கணக்காளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார். “இல்லை.”

“பார்த்தீங்களா? பதிவேட்டுல கையெழுத்து இல்லாம நான் எப்படி…”

பதிவேட்டில் எப்படி இருக்கும்? முதல் வாரமே கையெழுத்துப் போடப் போனவளை, ‘அப்புறம் பார்த்துக்கலாம், நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று தோளில் தட்டி அனுப்பியவர் இதே அம்மாதான். ஒரே குடும்பம் என்றதும் டீச்சரும் உருகிப்போய்த் திரும்பிவிட்டாள். போன மாதமாக இருந்தால் இப்போதும் திரும்பியிருப்பாள்.

“பதிவேட்டுல இல்ல, மேடம். மாணவர்களோட வருகைத் தாள்ல இருக்கு. ஒவ்வொரு வகுப்புக்கும் அடியில, எடுத்தவங்க கையெழுத்துப் போடணுமே. அந்தத் தாளை வச்சுத்தானே அவங்ககிட்ட கட்டணம் வாங்குறீங்க?”

கணக்காளர் எழுந்தார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அவராகவே அலமாரியைத் திறந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து வந்தார். விரலை நக்கிக்கொண்டு ஒவ்வொரு தாளாகத் தள்ளினார். அவர் யார் பக்கமும் இல்லை. எண் சரியாக இருந்தால் போதும்.

“இருபத்திரண்டு வகுப்பு” என்றார். “எல்லாத்துலயும் இவங்க கையெழுத்து. எல்லாத்துக்கும் கட்டணம் வாங்கியாச்சு. மணிக்கு இருபது வீதம் அறுநூற்று அறுபது.”

டைரக்டரம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். “சரி, தர வேண்டியதுதான். அடுத்த வருஷச் சம்பளத்தோட கொஞ்சம் கொஞ்சமா சேர்த்துக் கொடுத்துடலாமே? நாமெல்லாம் குடும்பம் மாதிரி.”

“அதனாலதான் பதினோரு வாரம் வாயைத் திறக்காம இருந்தேன், மேடம். குடும்பத்துலயும் கணக்கை உடைச்சுச் சொல்லிடணும்னு இன்னைக்குக் காலையிலதான் எனக்குப் புத்தி வந்தது.” டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். “அடுத்த வருஷ ஒப்பந்தம் இது. இன்னும் கையெழுத்துப் போடல. இந்த வருஷத்தை முடிச்சிட்டு அதுக்குப் போகலாம்னு இருக்கேன்.”

அவள் மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் அடுத்த வருஷத்துக்கு அவள் வகுப்பில் மட்டும் நாற்பது பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது அந்த அறையில் மூன்று பேருக்கும் தெரியும்.

டைரக்டரம்மா தாளைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், கணக்காளரைப் பார்த்தார். கணக்காளர் வவுச்சர் புத்தகத்தை ஏற்கெனவே திறந்து, பேனா மூடியையும் கழற்றி வைத்திருந்தார்.

“போட்டுக் கொடுங்க” என்றார் டைரக்டரம்மா. எழுந்து போகும்போது வாசலில் நின்று, “அடுத்த தடவை உடனே கையெழுத்துப் போட்டுடுங்க” என்றார். இந்த முறை தோளில் தட்டவில்லை.

அவர் போனதும் டீச்சர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். கணக்காளர் பழைய படிவத்தின் புதுப் பிரதியை அவள் பக்கம் நகர்த்தினார். பத்தா, பன்னிரண்டா?

அவள் பன்னிரண்டில் டிக் அடித்தாள். அழுத்தி அடித்ததில் தாள் லேசாகக் கிழிந்தது.

“மாசத் தொகை குறைச்சலா தெரியும்” என்று எச்சரித்தார் கணக்காளர்.

“தெரியட்டும், சார்.”

அவர் முதல்முறையாகச் சிரித்தார். “முதல் வருஷம் எல்லாரும் பத்துதான் போடுவாங்க. ரெண்டாவது வருஷம் வந்து, யாரும் கேட்காமலே பன்னெண்டுன்னு சொல்லுவாங்க. இருபது வருஷமா பார்க்கிறேன்.”

*

பன்னிரண்டரைக்கு நிதியமைச்சர் பெஞ்சில் இருந்தார். டிபன் பாக்ஸ் ஒரு பக்கம், ரப்பர் பேண்ட் போட்ட கவர்க்கட்டு ஒரு பக்கம். மெஷினில் சம்பளத்தை எடுத்துவிட்டு வந்திருந்தார். டீச்சர் வவுச்சர் பணத்தை அவர் மடியில் வைத்தாள்.

அவர் எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். “ரெண்டாயிரத்து நானூற்று அறுபது. டீச்சர்! மூணு மாசம் சாப்பிட்டு, வாடகை கொடுத்து, அறுபது மிஞ்சும்!”

ஆறாவது கவரைப் பிரித்து அறுபதை அதில் போட்டார். ‘அவசரம்’ கவருக்குள் கடைசியில் பணம் தங்கிவிட்டது. அதை அவர் காற்றில் ஆட்டிக் காட்டியபோது எதிரே போன ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார்.

“இப்போ போன் போடு” என்றார். “நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

போட்டாள். முதல் மணியிலேயே தம்பி எடுத்தான். பின்னால் ஆள் பேசும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம்.

“அக்கா, ஆபீஸ்ல உட்கார்ந்துட்டேன். பேப்பரெல்லாம் முன்னாடி வச்சிட்டாங்க. அம்மாவும் வந்திருக்காங்க.”

“கையெழுத்துப் போட்டுட்டியா?”

“இன்னும் இல்ல. ஏன்?”

“போடாதே. வெளியே வா. ஸ்பீக்கர் போடாம கேளு.”

படியிறங்கும் சத்தம் கேட்டது. பிறகு தெருச் சத்தம். அவள் சொன்னாள். பத்துப் பங்கு, இரண்டு மாதம், படிவம், ஆயிரத்து எண்ணூறு என்று பெருமையடித்தது, எதையும் விடவில்லை. “மூணு மாசம் என்னால ஒண்ணும் அனுப்ப முடியாதுடா. அதுக்கு அப்புறம் மாசம் ஐந்நூறு. கையில கொஞ்சம் வச்சுக்கிட்டுத்தான் அனுப்புவேன். தொள்ளாயிரம் இனிமே கிடையாது. மாசம் தவறாம ஐந்நூறு, அதை நான் கண்டிப்பா செய்வேன்.”

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். கணவர் அவள் கைமேல் கையை வைத்தார்.

“ஏன்க்கா முன்னாடியே சொல்லல?” தம்பியின் குரல் உடைந்திருந்தது. “நான் தெரு பூரா சொல்லிட்டேன். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டேன். டிரைவர் கூடப் பார்த்து வச்சிருக்கேன்.”

“வெட்கமா இருந்துச்சுடா. என் தப்புதான். திட்டணும்னா திட்டிக்கோ.”

அவன் திட்டவில்லை. மனசுக்குள் எதையோ கூட்டிக் கழிப்பது போல இருந்தது. பிறகு கேட்டான்: “மாசம் தொள்ளாயிரம் எங்களுக்கு அனுப்பிட்டு, மிச்சத்துல ரெண்டு பேரும் இத்தனை நாளா என்னத்தைக்கா சாப்பிட்டீங்க?”

டீச்சருக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அதுவரைக்கும் அவள் ஒரு சொட்டு விடவில்லை. “நல்லாத்தான்டா சாப்பிட்டோம். உங்க மாமா சமையல்.”

“அதான் கேட்டேன்” என்றான் அவன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

“டோக்கன் போனா போகட்டும்க்கா. கொஞ்ச காசுதான். ஐந்நூறு தவணையில சின்ன வண்டி ஒண்ணு இருக்கு. மூணு மாசம் போகட்டும், அதைப் பார்க்கலாம். இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா ரெண்டாவது தவணைக்கே, ஈடா காட்டியிருக்கிற என் பழைய வண்டியையும் சேர்த்து ஃபைனான்ஸ்காரன் தூக்கியிருப்பான்.” அவன் பெருமூச்சு விட்டான். “இரு, அம்மா வந்துட்டாங்க. நீயே சொல்லிடு.”

சொன்னாள். அம்மாவிடம் சுருக்கமாகச் சொன்னாள்: வண்டி இப்போதைக்கு இல்லை, இரண்டு மாதம் சம்பளமில்லாத விடுமுறை, மூன்று மாதம் கை இறுக்கம், அதன் பிறகு ஐந்நூறு.

அம்மா அசரவில்லை. “வண்டி எங்கடி போகுது? அது கிடக்கட்டும். ரெண்டு மாசம் வீட்டுலயே இருப்பியா?”

“இருப்பேன்மா.”

“நல்லதாப் போச்சு! நான்கூட, நீ காலையில ஸ்கூலுக்குப் போயிட்டா தனியா என்ன பண்றதுன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன்.”

டீச்சர் கணவரைப் பார்த்தாள். போனை அவர் காதுப் பக்கம் திருப்பினாள்.

“எங்கேம்மா தனியா?”

“அங்கதான். உங்களுக்குச் சொல்லாம வந்து நிக்கலாம்னு இருந்தேன். நீ உன் ரகசியத்தைச் சொல்லிட்ட, நானும் சொல்லிடுறேன். நீ மாசாமாசம் அனுப்பினதுல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வச்சு டிக்கெட் போட்டுட்டேன். வர்ற பத்தாம் தேதி. மூணு மாசம் வரைக்கும் விசாகூட வேணாமாமே?”

“அம்மா… டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தா…”

“திருப்பினா ஒரு பைசா வராது, அதான் மலிவா கிடைச்சுது. வர்றதுக்கு மட்டும்தான் எடுத்திருக்கேன். போறதுக்கு நீ எடுத்துக் கொடுக்க மாட்டியா? எம் பொண்ணு சம்பளக்காரி!”

போன் வைக்கப்பட்டது. பஸ் ஒன்று வந்து நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது. டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே இருந்தது.

நிதியமைச்சர் கவர்க்கட்டிலிருந்து ஆறாவது கவரை மறுபடி உருவினார். உள்ளே அறுபது பத்திரமாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘அவசரம்’ என்ற எழுத்துக்குக் கீழே, அதே குண்டுக் கையெழுத்தில், ‘அத்தை’ என்று எழுதினார்.